காஸ்காரரிடம் சொல்லிவிட்டு

ஜப்பானின் வடக்கே ஒரு பனி ஊரில், தொகாஷி வீட்டில் குளியல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று ஆனது இலையுதிர்காலக் கடைசியில். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. காஸ் விலை ஏறிக்கொண்டே போனது, பென்ஷன் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் தொட்டியில் வெந்நீர் நிரப்புகிற நேரத்தில் மனைவி சுமியே சமையலறையில் உட்கார்ந்து முள்ளங்கி சீவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குக் குளிக்கணும்னு தோணலை. உங்களுக்கு?"

தொகாஷி தனக்கும் தோணவில்லை என்றார். இருவரும் சொன்னது பொய். அன்றைக்கு நல்ல குளிர்.

சுமியேக்கு முழங்காலில் வாதம். பழங்களை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையில், ஈரத் தரையில் நின்றே பாதி ஆயுள் போயிருந்தது. கழுத்துவரை வெந்நீரில் அரை மணி நேரம் அமிழ்ந்து கிடந்தால் அன்றைக்குத் தூக்கம் உண்டு. குளிக்காத நாளில் விடியும் முன்பே எழுந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முனகக்கூட மாட்டாள். தொகாஷி பக்கத்தில் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நகராட்சியில் பனி அள்ளும் வண்டி ஓட்டியவர் அவர். எதை வேண்டுமானாலும் ஓரமாகத் தள்ளிவிடலாம் என்று பழகிய மனிதருக்கு இது ஒன்றைத் தள்ளத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் நகரத்துக் காஸ் கம்பெனியிலிருந்து அந்த இளைஞன் வந்தான். நாகயா என்று பெயர் சொன்னான். வாசலில் செருப்பைத் திருப்பி வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. இப்ப காஸுக்கு மாசம் எவ்வளவு கட்டுறீங்க?"

தொகாஷி சொன்னார். நாகயா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். துக்க வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"எங்ககிட்ட வந்தா மூணுல ஒரு பங்கு குறைஞ்சிடும்யா."

சமையலறையில் சீவும் சத்தம் நின்றது. மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் தினமும் வெந்நீர் போடலாம். அதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"பழைய சிலிண்டரை யார் எடுத்துட்டுப் போவாங்க?" என்று சுமியே உள்ளிருந்தே கேட்டாள்.

"அவங்களே வந்து எடுத்துக்குவாங்கம்மா. நாங்க அந்தக் கடைக்கு ஒரு ஃபேக்ஸ் போட்டுடுவோம். நீங்க ஒரு வார்த்தை பேச வேண்டாம். எல்லாரும் அதைத்தான் விரும்புறாங்க."

தொகாஷி கையிலெடுத்த பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கடை என்றால் இவாசே. வீடு கட்டின நாளிலிருந்து பின்சுவரோரம் நிற்கும் இரண்டு சிலிண்டர்களும் இவாசே தோளில் வந்தவை. பனி கொட்டினால் யாரும் சொல்லாமலே வந்து காஸ் மீட்டரைச் சுற்றிப் பனியைத் தோண்டிவிட்டுப் போவார். பெரிய நிலநடுக்கத்தின்போது ஊரில் எல்லார் வீட்டு மீட்டரும் காஸ் கசியாமலிருக்கத் தானாகப் பூட்டிக்கொண்டன. பெட்ரோல் கிடைக்காததால் இவாசே நடந்தே வீடு வீடாக வந்து திறந்துவிட்டார். இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவருடைய ஒரு பூட்ஸில் அடிப்பாகமே இல்லை.

"ஃபேக்ஸா?"

"ஆமாங்கய்யா. ஒரே பக்கம்தான்."

"அது நல்லாயில்லை தம்பி. நானே போய்ச் சொல்லிடறேன். சொன்னதும் உங்களுக்கு போன் பண்றேன். அப்புறம் வாங்க."

"அப்படி யாரும் செஞ்சதில்லீங்களே, ஐயா."

"செஞ்சா யாராவது அடிப்பாங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க," என்றான் நாகயா. ஆனாலும் யோசித்துத்தான் சொன்னான்.

மறுநாள் காலை தொகாஷி பெற்றோர் படமும் புத்தர் சிலையும் இருக்கும் பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து, மணியடித்து, கைகூப்பி விஷயத்தைச் சொன்னார். அவர் எதையும் அங்கே சொல்லாமல் செய்ததில்லை. புத்தர் வழக்கம்போல ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும்போது ஒரு மனிதனுக்கு எது முறை என்பது தானாகவே தெளிவாகும். மன்னிப்புக் கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக்கூடாது. ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி காராமணி இனிப்பு வாங்கிக்கொண்டு இவாசே கடைக்குப் போனார்.

இவாசேயின் மனைவி கினுயோ பெட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் வீசினாள். "ஐயோ, எதுக்கு இதெல்லாம்! என்னங்க, தொகாஷி-சான் வந்திருக்காரு!"

இவாசே கடையின் பின்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குள்ளமான ஆள், தோள் மட்டும் வேறு ஒருவருடையது போல அகலம்.

"போன மாசம் அடுப்புத் திருகு மாத்தினேனே, அதுக்கா? அது ஒரு வேலையா? உங்களுக்கு ரொம்பத்தான் மரியாதை."

"இல்லை, அது வந்து..."

"உக்காருங்க. டீ வருது."

டீ வந்தது. பனிக்கால டயர் விலை பற்றிப் பேசினார்கள். கரடி ஊருக்குள் வந்து யார் வீட்டுப் பேரிக்காயைத் தின்றது என்று பேசினார்கள். தொகாஷி வாயைத் திறந்தபோதெல்லாம் கினுயோ அதில் ஊறுகாயை நீட்டினாள். ஊறுகாய் நன்றாக இருந்தது. அதைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து இவாசே பதில் மரியாதையோடு வந்தார். வாங்கியதில் பாதி மதிப்புக்காவது திருப்பித் தராமல் அந்த ஊரில் யாருக்கும் மனசு ஆறாது. கயிற்றில் கோத்து உலர்த்திய, காக்கி என்கிற இனிப்புப் பழம். வந்த கையோடு அடுப்பைக் கழற்றி அடைப்பு எடுத்து மாட்டிவிட்டும் போனார்.

சுமியே பழத்தைத் தட்டில் வைத்து முதலில் பூஜை அலமாரிக்குக் காட்டினாள். "சொல்லிட்டீங்களா?"

"அவரு அடுப்புக்குள்ள தலையை விட்டுக்கிட்டிருந்தாரு. அப்படி இருக்கற ஆள்கிட்ட எப்படிச் சொல்றது?"

"தலையை வெளிய எடுத்தப்புறம்?"

"வெளிய எடுத்து, 'இப்ப நல்லா எரியும்'னாரு."

தொகாஷியின் பார்வையில் சிக்கல் இதுதான். அவர் கொடுத்த பெட்டி மன்னிப்புக்காக. இவாசே அதற்குப் பதில் மரியாதை செய்து கணக்கை நேர் பண்ணிவிட்டார். ஆக, கேட்காத மன்னிப்பு தீர்ந்துபோய்விட்டது. மறுபடி கேட்க வேண்டுமென்றால் மறுபடி பெட்டி வேண்டும். அடுப்பு வேறு சுத்தமாகியிருப்பதால் கொஞ்சம் பெரிய பெட்டி.

பெரிய பெட்டியோடு போனார். இந்த முறை கினுயோ கையை வீசவில்லை. பெட்டியைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள், புருஷனைக் கூப்பிடக் கொஞ்சம் தாமதித்தாள். டீ வந்தது, ஊறுகாய் வரவில்லை. இவாசேயும் கரடியைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு ஆண்களும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"உடம்பெல்லாம் நல்லா இருக்கீங்கல்ல?" என்றார் இவாசே கடைசியில்.

"நான் நல்லா இருக்கேன். அவளுக்குத்தான் முழங்கால்."

"ம். குளிர் வேற."

"ஆமா. குளிர்."

இதைவிட நல்ல வாய்ப்பு அமையாது என்று தொகாஷிக்கே தெரிந்தது. எழுந்து, தலை வணங்கி, வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் வாசலில் ஒரு பெட்டி நிறைய ஆப்பிள் இருந்தது. இவாசே மணியடிக்காமலே வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அந்த வாரம் நாகயா போன் செய்தான். "ஐயா, சொல்லியாச்சுங்களா?"

"பாதி சொல்லியாச்சு."

"எந்தப் பாதிங்க?"

"குளிரா இருக்குன்னு."

பனி விழத் தொடங்கியது. சுமியே குளியல் இல்லாத நாட்களில் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தாள். முடிவெட்டும் கடைக்குப் போய்விட்டு ஒரு நாள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராகக் கணவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க பெரிய கடன் வாங்கப் போறீங்களாமே?"

"நானா?"

"அதுக்கு ஜாமீன் கையெழுத்து போடச் சொல்லி இவாசே வீட்டுக்கு இனிப்பு தூக்கிக்கிட்டு நடையா நடக்கறீங்களாம். முடிவெட்டற அம்மா சொல்றா. பாவம், கினுயோ-சான் சோறு தண்ணி இல்லாம இருக்காளாம். மறுக்கவும் முடியாது, போடவும் முடியாது. அதான் ஆப்பிளைப் போட்டுட்டு மணியடிக்காம ஓடியிருக்காரு மனுஷன்!"

ஒரு மனிதரை வருத்தக்கூடாது என்று கிளம்பி, அவர் வீட்டில் தூக்கத்தையே கெடுத்துவிட்டோமே என்று தொகாஷிக்கு இருந்தது.

"முதல்லயே ஃபேக்ஸ் போகட்டும்னு விட்டிருக்கலாமோ?"

"அதை நான் சொல்லலை. போய்ச் சொல்றதுன்னு நீங்க நினைச்சது நல்ல நினைப்பு. நான் தடுத்தேனா?" சுமியே மெல்ல உட்கார்ந்து காலை நீட்டினாள். "ஆனா நீங்க வாங்கின பெட்டிங்களுக்கு நான் வசந்தகாலம் வரைக்கும் வெந்நீர்லயே குடியிருந்திருக்கலாம்."

"அது தெரியுது."

"கையில எதையும் எடுக்காம போங்க. கையில ஏதாவது இருந்தா அதைக் கொடுத்துட்டு வந்துடறீங்க. ஒண்ணும் இல்லேன்னா சொல்லித்தான் ஆகணும்."

வெறுங்கையோடு ஒரு வீட்டுப் படியேறுவது அவருக்குப் பழக்கமில்லை. வழியெல்லாம் கை எங்கே இருக்க வேண்டும் என்றே தெரியவில்லை. கோட்டுப் பையில் விட்டுப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கட்டிப் பார்த்தார். கடைக் கதவைத் தள்ளியபோது கினுயோ முதலில் பார்த்தது அந்தக் கைகளைத்தான். அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. இனிப்பும் போய்விட்டதென்றால் நிலைமை முற்றிவிட்டது என்றுதானே அர்த்தம்.

தொகாஷி நின்ற இடத்திலேயே நெற்றி முழங்காலைத் தொடுமளவுக்குக் குனிந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வேற கம்பெனிக்கு மாறலாம்னு இருக்கேன். காஸ் கட்டுபடியாகலை. சுமியேக்குத் தினமும் வெந்நீர் வேணும். இத்தனை வருஷம் பார்த்துக்கிட்டீங்க. மன்னிச்சுக்கணும்."

கினுயோ அப்படியே தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்காமல் ஏப்ரன் நுனியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"காஸா? வெறும் காஸா? ஜாமீன் இல்லையா?"

"ஏய், வெறும் காஸுங்கறே. நாம விக்கறதே அதைத்தான்," என்றார் இவாசே. ஆனால் அவரும் இறுக்கிப் பிடித்திருந்த தோளைத் தளர்த்தி மூச்சு விட்டார். "நிமிருங்க தொகாஷி-சான். முதுகு பிடிச்சுக்கும்."

தொகாஷி நிமிர்ந்தார்.

"எவ்வளவுக்குத் தர்றாங்க?"

சொன்னார். இவாசே கூரையைப் பார்த்து உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டார்.

"நான் குறைக்கலாம். அவ்வளவு இல்லை, அவங்க குறைக்கறதுல பாதி. நீங்க கேட்டிருந்தா எப்பவோ குறைச்சிருப்பேனே."

"கேட்டா குறைப்பீங்களா?"

"கேட்டவங்களுக்கெல்லாம் குறைச்சிருக்கேன். எங்க தொழில்ல வீட்டுக்கு வீடு ஒரு விலை. சத்தம் போடறவங்களுக்குக் கம்மி, பேசாம கட்டறவங்களுக்கு அதிகம்."

"கேக்கறது மரியாதையா இருக்காதுன்னு நினைச்சேன்."

"நானா வந்து குறைக்கட்டுமான்னு கேட்டா, உங்ககிட்ட காசில்லைன்னு சொன்ன மாதிரி ஆகும். அது மரியாதையா?"

இருவரும் அதை யோசித்துப் பார்த்தார்கள். யார் பக்கமும் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. நல்ல மனிதர்கள் இருவர் ஒருவரையொருவர் மதித்ததில் ஒரு பெண்ணின் முழங்கால் வலித்தது, அவ்வளவுதான்.

"அந்தப் பாதியைக் குறைங்க. நான் இங்கேயே இருந்துடறேன்," என்றார் தொகாஷி.

கினுயோ சிரிப்பை நிறுத்திவிட்டு இவாசேயைப் பார்த்தாள்.

"அந்தப் பாதி குறைஞ்சா தினமும் குளிக்கலாமா?" என்று கேட்டார் இவாசே.

தொகாஷிக்கு அங்கே பொய் சொல்ல வாய் வரவில்லை. "தினமும் முடியாது."

"அப்போ போங்க," என்றார் இவாசே. "சுமியே-சான் வெந்நீர்தானே முக்கியம்? நான் இதுக்கும் கீழ இறங்கினா எனக்கே வெந்நீர் இருக்காது. ஒண்ணு மட்டும். அவங்க சொல்றது முதல் வருஷத்து விலை. அடுத்த வருஷம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. ஏத்தினாங்கன்னா சத்தம் போடுங்க. என்கிட்ட போடாத சத்தத்தையும் சேர்த்துப் போடுங்க."

கினுயோ டீ கொண்டுவந்தாள். கூடவே ஊறுகாயும் வந்தது.

"தெருவுல பாதி வீடு போயாச்சு," என்றாள் அவள். "எல்லாம் ஃபேக்ஸ்தான். அந்த மிஷினை மாத்தி வேற வைக்கணும், அவ்வளவு தேஞ்சு போச்சு. போனா போகட்டும், தொழில்னா அப்படித்தான். ஆனா போனவங்க அப்புறம் எங்களைப் பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடறாங்க. கடையில பார்த்தா அரிசி மூட்டைக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கறாங்க. காஸோட பேச்சும் போயிடுது. அதுதான் எனக்குத் தாங்கலை."

"நான் ஒளிய மாட்டேன்," என்றார் தொகாஷி.

"நீங்க எங்க ஒளியறது, இவ்வளவு உயரத்துக்கு," என்றார் இவாசே.

மாற்றும் நாள் தை மாதக் குளிரில் வந்தது. பழையவர் சிலிண்டரைக் கழற்ற வேண்டும், புதியவர் மாட்ட வேண்டும், இரண்டும் மதியத்துக்குள் முடிய வேண்டும் என்று ஏற்பாடு. இவாசே நேரத்துக்கு வந்தார். மீட்டரைப் படித்தார், கடைசி ரசீதை இரண்டு கையாலும் நீட்டினார், தொகாஷி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நகரத்து லாரி வரவில்லை. கணவாயில் பனி மூடிவிட்டது, வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, எப்போது வந்து சேருவேன் என்று தெரியாது என்று நாகயா போனில் அழாக்குறையாகச் சொன்னான்.

முந்தின நாள் குளிக்காத நாள். சுமியே சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சமையலறைக்கு வந்தாள். தொகாஷி அதைப் பார்த்தார். சிலிண்டரைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்க்கக் குனிந்திருந்த இவாசேயும் பார்த்தார்.

அவர் சங்கிலியை விட்டுவிட்டு சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"இதுல நிறைய இருக்கே. என் இடுப்புக்கு இவ்வளவு கனம் ஆகாது. சுமியே-சான், ஒரு உதவி செய்யணும். கொஞ்சம் எரிச்சுக் காலி பண்ணிக் கொடுங்க. தொட்டி நிறைய வெந்நீர் போட்டா போதும்."

ஒரு தொட்டி வெந்நீருக்குச் சிலிண்டரில் எத்தனை கனம் குறையும் என்பது பனி வண்டி ஓட்டியவருக்கும் தெரியும், தொழிற்சாலையில் எடை போட்டவளுக்கும் தெரியும். ஒரு கிலோ இருந்தால் அதிகம்.

"அப்படியா? இடுப்புன்னா பாவம்," என்றாள் சுமியே.

"ரசீது போட்டாச்சே. இதை எப்படிக் கணக்குல சேர்க்கறது?" என்று தொகாஷி கேட்டார்.

"சேர்க்க முடியாது. மீட்டரைப் படிச்சாச்சு, கணக்கு முடிஞ்சுது. இனிமே ஓடறது எந்தக் கடையோடதும் இல்லை."

"உங்களுக்கு வேற வீடு இருக்குமே. போகணுமே."

"சிலிண்டரை இங்க விட்டுட்டு எப்படிப் போறது? புது ஆள் வந்து மாட்டற வரைக்கும் நான்தான் பொறுப்பு," என்று சொல்லிவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நாளைமுதல் தனக்குச் சம்பந்தமில்லாத மீட்டரைச் சுற்றிப் பனியைத் தோண்டத் தொடங்கினார். தொகாஷியும் இன்னொரு மண்வெட்டியோடு சேர்ந்துகொண்டார். தெருமுனையில், ஏற்கெனவே வேறு கம்பெனிக்கு மாறிவிட்ட ஒருவர் இவாசேயைக் கண்டதும் நின்று, திரும்பலாமா என்று யோசித்தார். தொகாஷி மண்வெட்டியைத் தூக்கி, "வாங்க, வாங்க, குளிரா இருக்கில்ல?" என்று கத்தினார். வேறு வழியில்லாமல் அந்த ஆள் வந்து தலையை ஆட்டினார். இவாசேயும் ஆட்டினார். வந்தவர் கரடியைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். கடவுள் பெரிய காரியங்களை எங்கே வைத்துச் செய்கிறாரோ தெரியாது, சின்னக் காரியங்களைப் பெரும்பாலும் இப்படித் தெருவோரத்தில்தான் செய்கிறார்.

குளியலறைச் சின்ன ஜன்னல் வழியே ஆவி வெளியே வந்து பனியில் கலந்தது. உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை. வெகுநேரம் கழித்து சுமியேயின் குரல் வந்தது. தூக்கக் கலக்கம்போல இருந்தது.

"என்னங்க, லாரி வந்துடுச்சா?"

"இன்னும் இல்லை."

"இவாசே-சான் போயிட்டாரா?"

தொகாஷி திரும்பிப் பார்த்தார். இவாசே தோண்டி முடித்த இடத்தையே மறுபடி தோண்டிக்கொண்டிருந்தார்.

"இல்லை. நிக்கிறாரு."

"அப்போ நான் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன்," என்றாள் சுமியே.